காலி இடம் நஷ்டமா?

இங்கிலாந்தில், சாதாரணப் பள்ளிக்கூடங்களிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடங்கள் உண்டு. நோயினாலோ வேறு காரணத்தினாலோ பள்ளிக்குச் செல்ல இயலாத சிலரும் அங்கே பயிலுகின்றனர். இவற்றில் ஒரு வகைக்கு 1993-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் சட்டபூர்வமான ஸ்தானத்தை அளித்தது. இவற்றை மாற்றுக் கல்விப் பள்ளிகள் என்போம். இப்பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் என்பது வருஷந்தோறும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. இந்த எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் வெறும் குமாஸ்தா வேலை என்று நேயர்கள் கருதக்கூடும். அது அவ்வளவு அற்ப விஷயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

பணம் வரும் வழியை முதலில் கவனிப்போம். 2013-ல் ஏற்பட்ட முறைப்படி, நிர்ணயிக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் வருஷத்துக்கு 8,000 பவுன் கிடைத்தது. 2015-ல் அது 10,000 பவுனாக உயர்த்தப்பட்டது. இடம் நிரம்பினாலும் காலியாயிருந்தாலும் இத்தொகை உண்டு. அதற்கு மேற்பட்ட உபரித் தொகையோ பிள்ளை வந்து சேர்ந்த பின்னரே கிடைக்கும். ஆகவே, செலவைச் சுருக்க முயலும் ஸ்தல ஸ்தாபனத்தின் கண்ணுக்குக் காலி இடம் ஒவ்வொன்றும் வீண் செலவாகவே தோன்றுகிறது. "சென்ற இலையுதிர் காலத்தில் பத்து இடங்கள் நிரம்பவில்லையே, அவற்றைக் குறைத்தால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது.

கேள்வி நியாயமானதுபோல் தோன்றினும், கணக்கெடுத்த காலம் நியாயமானதன்று. பதினாறு வயதை எட்டும் மூத்த மாணாக்கர் கோடையில் வெளியேறி விடுகின்றனர். அதனால் செப்டம்பரில் இப்பள்ளிகளில் கூட்டம் குறைவு. பின்னர், விலக்கப்பட்ட பிள்ளைகள் மாதந்தோறும் ஒருவர் இருவராக வந்து சேருகின்றனர். வருஷத்தின் பிற்பகுதியில் வகுப்புகள் நிரம்பி விடுகின்றன. ஆறு வற்றியிருக்கும்போது அளவெடுத்துப் பாலம் கட்டுகிறவனை நாம் புத்திசாலி என்போமா? அடுத்த வருஷத்து எண்ணிக்கையை இலையுதிர் காலத்துக் கணக்கைக்கொண்டு முடிவு செய்வதும் அதைப் போன்றதே.

இடம் குறைந்தால் நேருவது என்ன? ஒரு பிள்ளை நிரந்தரமாக விலக்கப்பட்டால், ஆறாவது பள்ளி நாள் முதல் அவனுக்கு முழுநேரக் கல்விக்கு ஏற்பாடு செய்யவேண்டியது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை. சட்டம் தெளிவாக இருக்கிறது, இடந்தான் இல்லை. அப்போது பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்க, சில மணி நேரப் பாடத்தோடு காலம் கழிகிறது. 2021-22-ல் இங்கிலாந்தில் நிரந்தரமாக விலக்கப்பட்டோர் தொகை 6,495. 2023-24-ல் அது 10,885 ஆயிற்று. இவ்வாறு விலக்கப்படுவோரில், இலவச மதிய உணவு பெறும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், விசேஷ உதவி தேவைப்படும் பிள்ளைகளும், ஜனத்தொகையில் தங்கள் விகிதத்துக்கு மிஞ்சி இருக்கின்றனர். இடத்தைக் குறைக்கும்போது யாருடைய இடம் குறைகிறது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. இடங்களைத் தாராளமாகப் பெருக்கினால், சாதாரணப் பள்ளிகள் தொல்லை தரும் பிள்ளையைக் கூசாமல் தள்ளிவிடும் என்பதே அது. இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. விலக்கிய பள்ளியிடமிருந்து அப்பிள்ளைக்குரிய எஞ்சிய பணத்தைப் பிடித்துக்கொள்ளும் விதி இப்போதே இருந்தும், விலக்குவது நிற்கவில்லை. ஆனால், இடமின்மை என்னும் தண்டனை விலக்கிய பள்ளியைச் சேருவதில்லை. விலக்கப்பட்ட சிறுவனையே சேருகிறது. குற்றம் ஒருவருடையதும் அபராதம் மற்றொருவருடையதுமாக இருப்பதை நாம் நீதி என்று ஒப்ப முடியாது.

ஆதலின் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வருஷத்தில் கூட்டம் மிகுந்த மாதத்தை அளவாகக் கொண்டு எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும். நடுவருஷத்தில் ஒருமுறை அதைத் திருத்தவும் வழி இருக்க வேண்டும். இரண்டாவது, மாற்றுப் பள்ளி உபாத்தியாயர்கள் சாதாரணப் பள்ளிகளுக்கே சென்று, விலக்கு நேருமுன் பிள்ளைக்கு உதவும் வேலைக்குத் தனியே பணம் ஒதுக்க வேண்டும். 2023 மார்ச்சில் சர்க்கார் வெளியிட்ட திட்டம் இவ்வேலையையே முதற்படியாகக் கூறியது. இடக் கணக்கில் இந்த உழைப்பு தோன்றுவதில்லை. தோன்றாததால் வெட்டும் எளிது. மூன்றாவது, திரும்பிச் சென்ற பிள்ளையின் இடம் காலியானதற்காகப் பள்ளியைத் தண்டிக்கலாகாது. ஒரு சிறுவன் தன் பழைய வகுப்புக்கு மீண்டது அப்பள்ளியின் வெற்றி. அவ்வெற்றியின் பலனாக மறுவருஷம் ஓர் உபாத்தியாயர் வேலை இழப்பாராயின், பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப எந்தப் பள்ளி முன்வரும்?

தீயணைக்கும் வண்டி இன்று முழுவதும் சும்மா நின்றது என்று எந்த ஊராரும் அதை விற்பதில்லை. வசந்த காலத்தில் வந்து கதவைத் தட்டப்போகும் பிள்ளைக்காக, இலையுதிர் காலத்தில் ஓர் இடம் காத்திருக்கிறது. அதை நஷ்டக் கணக்கில் எழுதலாகாது.