பட்டறை வைஸுக்குக் காப்புத் தாடைகள் செய்யும் விதம்

தர்மபுரி ஜில்லாவில் கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர்களுக்கு அண்மையில், பம்பு செட்டு பழுது பார்க்கும் சிறு பட்டறை ஒன்றாவது இருக்கக் காணலாம். அங்கே மேஜையின் ஓரத்தில் முடுக்கப்பட்டிருக்கும் வைஸே அப்பட்டறையின் பிரதான சொத்து எனலாம். ராவுவதற்கும், அறுப்பதற்கும், மரை வெட்டுவதற்கும், துருவேறி இறுகிய நட்டைக் கழற்றுவதற்கும் சாமானை அசையாமல் பிடித்துத் தருவது அதுவே. ஆயினும் அவ்வாறு பிடிக்கும்போதே சாமானைக் கெடுத்துவிடுவதும் பல சமயங்களில் அதுவாகவே இருக்கிறது.

வைஸின் இரு தாடைகளிலும் கெட்டிப்படுத்திய எஃகுத் தகடுகள் திருகாணிகளால் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கரடுமுரடான இரும்பு நழுவாதிருக்க ஏற்பட்டவை இப்பற்கள். கவலை கட்டி நீர் இறைத்த காலத்தில், ஏர்க்கொழுவிலும் வண்டிப் பட்டாவிலும் பல்லின் வடு விழுந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. மேட்டூர் அணையடியில் 1937-ஆம் ஆண்டில் நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. பின்னர் மின்சாரம் கிராமங்களில் பரவப் பரவக் கவலை போய் மோட்டார் வந்தது. அதனுடன் மழமழப்பாகக் கடையப்பட்ட ஷாப்ட்டும், பித்தளைப் புஷ்ஷும், நுண்ணிய மரைகளும் வந்தன. வைஸின் பல் மட்டும் பழையபடியே இருக்கிறது.

ஷாப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் ஒரு பல் பதிந்தது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது சிறு புள்ளியே. ஆனால் ஷாப்ட்டு சுழலும்போது அப்புள்ளியின் மேடிட்ட விளிம்பு, சீலின் ரப்பர் உதட்டை அரம்போல் தேய்த்துக்கொண்டேயிருக்கும். நாளடைவில் நீர் கசிந்து பேரிங்கில் இறங்கும். பேரிங்கு துருப்பிடித்து இரையும். கவனியாது விட்டால் மோட்டாருக்கே கேடு வரும். பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே ஓடிய பம்பு, பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் கோடையின் நடுவே நின்றுபோனால், குடியானவர் சீலைப் பழிப்பார், சீல் விற்ற கடைக்காரரைப் பழிப்பார். வைஸின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சிலர் கோணித் துண்டையோ அட்டையையோ மடித்து இடையில் வைப்பதுண்டு. அழுத்தம் ஏறியதும் பல் அதைத் துளைத்துவிடும். அல்லது துண்டு நழுவிக் கீழே விழும். ஒரு கையால் ஷாப்ட்டையும், மறு கையால் கைப்பிடியையும் பிடித்திருப்பவருக்குத் துணியைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? ஆகவே தாடையின்மேல் தானே உட்கார்ந்து நிற்கும் காப்புத் தாடை வேண்டும். 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைப் பின்பற்றும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர் வேலை பயில்பவர்கள் இதனை அறிவார்கள். தர்மபுரியிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. தகப்பனாரிடமோ வேறு பட்டறையிலோ தொழில் கற்றவர்களை உத்தேசித்தே செய்முறை இங்கு விவரமாகச் சொல்லப்படுகிறது.

பொதுவான வேலைக்கு அலுமினியத் தகடே சிறந்தது. அது எஃகினும் மிருதுவானது. ஆகையால் தான் வடுப்பட்டுச் சாமானைக் காக்கும். ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் கனம் போதும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் துண்டே தாராளம். 4 அங்குல வைஸுக்கு, நீளம் ஐந்தரை அங்குலமும் அகலம் இரண்டேகால் அங்குலமும் உள்ள இரண்டு துண்டுகள் வேண்டும். அகலத்தில் கீழ் 1 அங்குலம் தாடையின் முகத்தை மூடும். மேல் ஒன்றேகால் அங்குலம் தாடையின் தலைமேல் படியும். மேற்பாகத்தின் இரு நுனிகளிலும் முக்கால் அங்குலத்தை வெட்டி நீக்கிவிட்டால், கீழ்ப்பாகத்தில் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். தாடையின் உயரம் வைஸுக்கு வைஸ் மாறும். அவரவர் வைஸை அளந்து கொள்க.

மடக்குவதற்குத் தனி அச்சு எதுவும் தேவையில்லை, வைஸே அச்சு. இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, கீழ்ப்பாகம் தாடைகளுக்குள்ளும் மேற்பாகம் வெளியிலும் இருக்குமாறு வைத்து இறுக்குக. பின்பு மரச்சுத்தியால் முன்துண்டை முன்தாடையின் மேலும், பின்துண்டைப் பின்தாடையின் மேலும் தட்டிப் படுக்க வைக்க வேண்டும். காதுகளையும் அவ்வாறே தாடையின் இரு பக்கங்களிலும் மடக்கிவிடலாம். இப்படிச் செய்வதில் ஒரு லாபம் உண்டு. வைஸின் பற்கள் தகட்டின் முதுகில் மட்டுமே பதிகின்றன. அப்பதிவே பிற்பாடு தகடு நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. சாமானைத் தொடும் முகம் பழுதின்றி இருக்கும்.

கெட்டித் தகடாயின் மடிப்பில் வெடிக்கும். அதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. மடியும் இடத்தில் சலவை சோப்பைத் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து சூடு காட்டுக. சோப்புக் கறுத்தவுடன் நிறுத்தி ஆறவிட்டால் தகடு இளகியிருக்கும். அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்கை தராது; கண்ணெதிரே நிறம் மாறாமல் உருகி விழுந்துவிடும். ஆகவே சோப்பையே சாட்சியாகக் கொள்ள வேண்டும். செம்புத் தகடானால், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்தாலே இளகிவிடும்.

ஈயத்தை இதற்கு உபயோகிக்கலாகாது. அது மிக மிருதுவானது, சுமார் 327 டிகிரிச் சூட்டில் உருகுவது என்பதெல்லாம் மெய்யே. ஆனால் அதன் புகையும் தூளும் விஷம். பெரியவரைவிடக் குழந்தைகளையே அதிகம் வாட்டும். தகட்டுக்காகப் பழைய பாட்டரியை உடைப்பது வீட்டு வாசலிலேயே விஷத்தைக் கொட்டுவதாகும்.

மெருகேற்றிய குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம் முதலியவற்றுக்கு மரக்கட்டையின்மேல் தோல் ஒட்டிய தாடை உகந்தது. ரப்பர் டியூபுத் துண்டில் எண்ணெய் பட்டால் சாமான் வழுக்கும். வாளால் அறுக்கும்போது துள்ளவும் செய்யும்.

உருண்டையான ஷாப்ட்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். தட்டையான இரு முகங்களுக்கிடையில் உருண்டை இரண்டே கோடுகளில் தொடுகிறது. ஆதலால் எவ்வளவு இறுக்கினும் சுழலப் பார்க்கும். புளிய மரம் போன்ற வன்மரக் கட்டையில் நெடுக முக்கோணப் பள்ளம் வெட்டி ஒரு தாடையில் வைத்தால், பிடிப்பு மூன்று கோடுகளாகிவிடும். குறைந்த அழுத்தமே போதும். மரையுள்ள பாகத்தைப் பிடிக்க நேர்ந்தால், அதற்குப் பொருந்தும் பழைய நட்டு ஒன்றின் ஒரு புறத்தை மட்டும் ஹாக்ஸாவால் துளை வரையில் அறுத்து, மரைமேல் ஏற்றி, நட்டையே வைஸில் பிடிக்க வேண்டும். அறுப்பு வாய் தாடையைத் தொடாமல் இரு தாடைகளுக்கும் நடுவே நிற்கட்டும். வைஸ் இறுக இறுக வாய் குறுகி, மரை நசுங்காமலே போல்ட்டு பிடிபடும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஒவ்வோர் அளவிலும் ஒன்று செய்து கம்பியில் கோத்து வைத்திருப்பவரே கெட்டிக்காரர்.

காப்புத் தாடை போட்டபின் ஒரு புதிய அபாயம் தோன்றுகிறது. ராவிய இரும்புத் தூள் மிருதுவான அலுமினியத்தில் புதைந்துகொள்ளும். பிறகு அத்தகடே உப்புத்தாள் போலாகிச் சாமானைக் கீறும். ஒவ்வொரு வேலைக்கு முன்பும் பிரஷ்ஷால் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பது நலம். உறுத்தினால் தட்டையான அரத்தால் இரண்டு தரம் மெல்ல ராவுக. பலமாகச் சம்மட்டி போடும் வேலைக்கும், கனத்த பட்டையை வளைப்பதற்கும் காப்புத் தாடையைக் கழற்றிவிட வேண்டும். அவ்வேலைகளுக்குப் பல்லே தேவை. இதனாலேயே, ஒரே வைஸ் உள்ள பட்டறையில் எஃகுத் தகடுகளை அடியோடு கழற்றி மரத்தைப் பூட்டிவிடுவதை யாம் சிபாரிசு செய்வதில்லை.

கழற்றிய ஜோடியை மேஜைக்கடியில் ஓர் ஆணியில் மாட்டி வைக்கலாம். தேய்ந்து மெலிந்தால், அதனையே மாதிரியாக வைத்து அடுத்த ஜோடிக்குத் தகட்டில் கோடு போட்டுக்கொள்ளலாம்.