கரையா மருந்தும் அதனைக் கரைக்கும் வகையும்

காஞ்சிமாநகரிற் பட்டுநூலுக்குச் சாயமேற்றும் தொழிலை அறிந்தோர் ஓர் உண்மையை அறிவர். சாயம் வெந்நீரில் நன்கு கரைந்தாலன்றி நூலிற் சீராக ஏறாது. கரையாத துகள் எத்துணைச் சிறந்த நிறமுடையதாயினும் தொட்டியின் அடியிற் படிந்து வீணாகும். மருந்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. உண்ட மருந்து குடலிற் கரைந்து, குடற்சுவரைக் கடந்து, ஈரலுக்கும் தப்பிக் குருதியிற் கலந்தாலன்றோ நோயுற்ற இடத்தை அடையும்?

மூலிகைச் சத்துக்கள் பல நீரிற் கரைவதில்லை. இதற்கு நம் இல்லந்தோறும் உள்ள மஞ்சளே தக்க சான்றாம். அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருளை 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். சோதனைக் குழாயில் அது அழற்சியைத் தூண்டும் செயல்களைத் தணிக்கின்றது. ஆயினும், உண்டபொழுது மூன்று இடையூறுகள் அதற்கு நேர்கின்றன. நீரிற் கரைதல் அரிது; குடலிற் பெரும்பகுதி சிதைந்தோ கழிந்தோ போம்; உட்புகும் சிறுபகுதியையும் குடற்சுவரும் ஈரலும் உருமாற்றி வெளியேற்றிவிடும்.

இவற்றுள் மூன்றாவது இடையூற்றை நீக்கும் வழியொன்றைப் பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியார் 1998இல் வெளியிட்டனர். 2 கிராம் குர்க்குமினைத் தனியே உண்டவர்தம் குருதியில் அது மிக அருகியே காணப்பட்டது. மிளகின் காரச்சத்தாகிய பைப்பரீன் 20 மில்லிகிராம் சேர்த்து உண்டபொழுதோ, உடலிற் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்காயிற்று. பைப்பரீன் மஞ்சட்சத்தைக் கரைப்பதன்று; அதனை உருமாற்றி வெளியேற்றும் வேலையைத் தடுப்பதாம்.

கரைப்பதற்கு வேறு வழிகள் உள. ஒன்று, நுண்ணிதாகப் பொடித்தல். ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள 1000 துண்டுகளாக்கின் மேற்பரப்பு 60 ஆகும். நீர் தொடும் இடம் பெருகவே, கரையும் விரைவும் பெருகும். மற்றொன்று, நெய் முதலிய கொழுப்புடன் சேர்த்தல். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியில் மிளகும் நெய்யும் உண்டு. சித்த மருத்துவரும் மருந்துக்கு நெய், பால், தேன் ஆகியவற்றை அனுபானமாக அளிப்பர். அவ்வழக்கமே ஆராய்ச்சிக்குச் சான்றாகிவிடாது, எனினும் ஆராயத்தக்கது. மூன்றாவது, மாவுப்பொருளிலிருந்து ஆக்கப்படும் வளைய மூலக்கூறுகளுள் மருந்தை அடைத்தல். வளையத்தின் புறம் நீரை விரும்பும். அகம் கரையா மருந்தைத் தாங்கும்.

இனி எச்சரிக்கை ஒன்று கூறுவோம். திறந்த வாயில் நன்மைக்கு மட்டும் திறப்பதன்று. பைப்பரீன், வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் முதலிய மருந்துகளின் அளவையும் குருதியில் உயர்த்தும். அளவு மிகின் தலைசுற்றலும் தள்ளாட்டமும் உண்டாம். மஞ்சட்சத்து மாத்திரை உண்டோர் சிலர்க்கு ஈரல் அழற்சி கண்டதாக 2019இல் இத்தாலி நாட்டில் அறிவிக்கப்பட்டது. குழம்பிலிடும் மஞ்சளும் மிளகும் வேறு. செறிவூட்டிய மாத்திரை வேறு. நாள்தோறும் மருந்துண்ணும் முதியோர், மூலிகைதானே என்று மருத்துவரைக் கேளாது அம்மாத்திரையை உண்ணலாகாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அளவையே பெரிதும் வற்புறுத்தினார். வாயினுள் இட்ட அளவு ஒன்று, குருதியிற் சேர்ந்த அளவு மற்றொன்று என்பதை இக்கால ஆராய்ச்சி அதனோடு சேர்க்கின்றது. மூலிகையின் பெருமை பேசும் நாம் இவ்விரண்டையும் வினவிப் பேசுவோமாக.