துண்டு போட்ட நாற்காலி

சின்ன அலுவலகங்களில் முதலாளி யார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாற்காலிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதுகு உயரமாக, தலை சாய்க்கத் திண்டு வைத்து, மேலே வெள்ளைத் துண்டு விரித்திருந்தால் அது அவருடையது. அதில் அவர் உட்காரும் நேரம்தான் குறைவு. காலையில் பேங்க், மதியம் பார்ட்டியைப் பார்க்க வெளியே, சாயங்காலம் ஒரு மணி நேரம் கையெழுத்து. ஒன்பதரை மணிக்கு வந்து ஆறரை வரை டேலியிலேயே கண்ணை வைத்திருக்கும் கணக்குப் பெண்ணுக்குக் கிடைப்பது, முன்பு வேலை பார்த்தவர் விட்டுப்போன நாற்காலி. ஒரு பக்கக் கைப்பிடி ஆடும். ஏற்றி வைத்தால் பத்து நிமிஷத்தில் தானாக இறங்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தலையணை ஒன்று அதன்மேல் கிடக்கும்.

பத்துப் பேருக்குள் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸ், டிராவல்ஸ், டிசைன் ஸ்டுடியோ, ஏற்றுமதிக் கம்பெனியின் சின்னக் கிளை என்று எங்கே நுழைந்தாலும் பெரும்பாலும் இதே காட்சிதான். கையில் காசில்லை என்று சொல்லிவிட முடியாது. வரவேற்பறைக்குக் கண்ணாடிக் கதவும் கிரானைட் மேசையும் போட்டவர்கள்தானே. செலவு பதவியைப் பார்த்துப் போகிறது. யார் அதிக நேரம் உட்காருகிறாரோ அவரிடமிருந்து செலவைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றது அது. கேரளம் அதை 2018லேயே செய்துவிட்டிருந்தது. ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நின்றே கால் வீங்கியவர்களுக்கு அது பெரிய விஷயம். 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிற்பவர்களுக்காக வந்த சட்டம் அது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவரின் முதுகைப் பற்றி யோசிக்க வேண்டியவர், நாற்காலிக்குக் காசு கொடுப்பவர்தான்.

அந்தக் காசைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு நாற்காலி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள், ஐந்து வருஷம் என்றால் 12,000 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு அறுபது பைசாகூட ஆகவில்லை. பார்ட்டி வந்தால் வரவழைக்கும் காபிக்கு இதைவிட அதிகம் போகிறது.

வாங்கும்போது தலைத் திண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். டைப் அடிப்பவர் தலை அங்கே படவே படாது. இடுப்புக்கு மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில் தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். உட்காரும் பகுதி எவ்வளவு ஆழம் என்றும் பாருங்கள். உயரம் குறைந்தவர் ஆழமான நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் அதன் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். அதனால் அவர் நுனியில் வந்து உட்காருவார். பின்னால் எவ்வளவு நல்ல முதுகு இருந்தும் அவருக்குப் பயனில்லை. கைப்பிடி மேசைக்கு அடியில் போக வேண்டும். இதையெல்லாம் போனில் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதில் உட்காரப்போகிறவரையே கடைக்கு அழைத்துப்போய் உட்காரச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி.

நாற்காலியோடு விஷயம் முடிவதில்லை. மேசையில்தான் நம் ஊர்ச் சிக்கல் இருக்கிறது. கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால் அவர் முழங்கை ஏறக்குறைய 60, 62 சென்டிமீட்டரில் இருக்கும். நம் பெண்களின் சராசரி உயரமே ஐந்தடியை ஒட்டித்தான். ஆக, கீபோர்டை எட்ட அவர் தோளைத் தூக்கியபடியே வேலை செய்ய வேண்டும். ஆறு மணிக்குக் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வதற்குக் காரணம் அதுதான். நாற்காலியை ஏற்றிக்கொண்டால் கால் தொங்கும். எந்தச் சின்ன ஆபீசிலும் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். ஏ4 பேப்பர் பண்டல் வந்த அட்டைப்பெட்டி ஒன்று, ஒரு பக்கம் நசுங்கி, குதிகால் படும் இடம் பளபளப்பேறிக் கிடக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். ஏசி அறையின் டைல்ஸ் ஐஸாக இருக்கும். வெறுங்காலுக்கு அந்த அட்டைதான் கதி.

ஆசாரியிடம் சொன்னால் ஒரு பொழுதில் சாய்வாக ஒரு கால்பலகை அடித்துக் கொடுத்துவிடுவார். மேசைக்கடியில் இழுத்துத் தள்ளுகிற மாதிரி கீபோர்டு டிரே வைத்தாலும் சரி. மரமேசையாக இருந்தால் காலில் இரண்டு அங்குலம் அறுத்துவிடலாம். ஆனால் எல்லா மேசையையும் ஒரே அளவுக்கு அறுத்துவிடாதீர்கள். ஆறடி உயரப் பையன் ஒருவனும் அங்கே இருப்பான்.

கம்ப்யூட்டர் திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்பில் இது நடக்காது. திரையை உயர்த்தினால் கீபோர்டும் கூடவே எழும். அதனால் லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றி, தனிக் கீபோர்டும் மவுஸும் கொடுத்துவிடுங்கள். மாதாமாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக ராத்திரி எட்டு மணிவரை உட்காருகிறவர்களுக்கு இது கட்டாயம்.

இனி ஏசி. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தும் பதவியைச் சொல்லிவிடலாம். வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே வருகிறவர் 18 வைப்பார். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வார், ஒன்றும் சொல்லமாட்டார். அலுவலகக் குளிருக்கான சர்வதேச அளவுகோல்கள் 1960களில் உருவான கணக்குகளின் மேல் நிற்பவை. அதில் உடல் உண்டாக்கும் வெப்பத்துக்கு எடுத்துக்கொண்ட அளவு, 70 கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணுடையது. அந்த அளவு பெண்களின் உடல்வெப்பத்தை 35 சதவீதம் வரைகூட மிகைப்படுத்திவிடுகிறது என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் இருவர் 2015இல் எழுதினார்கள். குளிருகிறது என்று சொல்லும் பெண்ணை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம்.

2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் முத்திரை அறை ஏசிகள், போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 26இல் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறிக்குச் சுமார் 30 வாட். வணிகக் கட்டணம் கட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பில்லில் தெரியும்.

இன்னொன்றை நாம் கவனிப்பதே இல்லை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் டேப்பும் ஒட்டிவிட்டு எட்டுப் பேர் உட்கார்ந்தால் அவர்கள் விடும் கரியமில வாயு உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு சொச்சம். மூடிய அறையில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவு ஏற ஏற, யோசித்து முடிவெடுக்கும் தேர்வுகளில் மதிப்பெண் இறங்கியது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். மூன்று மணித் தூக்கத்துக்குத் தயிர்சாதத்தின்மேல் போடும் பழியில் பாதியை இங்கே மாற்றிப் போடலாம். மதிய உணவு நேரத்தில் ஏசியை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். சின்னதாக ஒரு எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் இன்னும் நல்லது.

வெளிச்சத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல், கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மின்வெட்டுக்கு யூபிஎஸ் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அதை யாருடைய காலடியில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சூட்டையும் ரீங்காரத்தையும் நாளெல்லாம் அனுபவிப்பவர் அவர்தான்.

சாப்பாட்டுக்கு ஒரு மேசை வேண்டும், நாலு பேர் உட்காரும் அளவாவது. கையால் சாப்பிடுகிற ஊரில் பக்கத்திலேயே ஒரு வாஷ்பேசினும் வேண்டும். இல்லாவிட்டால் கீபோர்டுக்கு முன்னால்தான் டப்பாவைத் திறப்பார்கள், அப்படியே ஒரு கையால் மவுஸையும் நகர்த்துவார்கள். அதற்குப் பெயர் இடைவேளை இல்லை.

கடைசியாகச் சொல்வது கழிப்பறையை. காம்ப்ளக்ஸ் கட்டடங்களில் அது மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும். எல்லா ஆபீசுக்கும் பொது. சாவி, முதலாளி மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். போகிற ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் போய் நின்று எடுக்க வேண்டும். இதற்குக் கூச்சப்பட்டே நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் ஏராளம். கேன் தண்ணீர் இருபது லிட்டர் வாங்கி வைத்து என்ன பயன்? சாவியை எல்லோர் கைக்கும் எட்டும் இடத்துக்கு மாற்றக் காசு ஆகாது. உள்ளே சரியாக விழும் தாழ்ப்பாள், எரிகிற பல்பு, துப்பட்டாவும் கைப்பையும் மாட்ட ஒரு கொக்கி, மூடி வைத்த குப்பைக்கூடை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாற்காலி விலையில் கால்வாசி வராது.

தனிக் கழிப்பறையும் திறக்கிற ஜன்னலும் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய நேரம், பதினோரு மாத ஒப்பந்தம் எழுதும்போதுதான். வாடகைக்கும் அட்வான்சுக்கும் பேரம் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்து ஆனபின் கேட்டால், மேஸ்திரி ஊரில் இல்லை என்பார் கட்டடக்காரர்.