நிலையறி கருவிக்கு உரை வகுத்தல்

ஏவிய கருமம் வேறு. நிறைவேறிய கருமம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையுந் தீங்கு எல்லாத் தொழில்களிலும் உண்டு. கணினித் தொழிலில் அது மிகப் பெரிது. எழுதி முடித்த மென்பொருளைப் பலருக்கும் பயன்படுமாறு சேவையகக் கணினிகளில் இடுதல் நிறுவுகை எனப்படும். அந்நிறுவுகை நடைபெறுகின்றதா, முற்றுப்பெற்றதா, இடையில் முறிந்ததா எனப் பார்த்துக் கூறுவது நிலையறி கருவி. இன்று இக்கருவியை மனிதர் மாத்திரமன்றிச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் கையாளுகின்றன. ஆதலின், அதற்கு வகுக்கும் விளக்கவுரை எத்தன்மையதாதல் வேண்டும் என்பது ஆராயற்பாலது.

நிலையறியாமையால் நேர்ந்த கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டை முதற்கண் நோக்குவாம். அமெரிக்காவிற் பங்கு வணிகம் நடாத்திய நைட் கப்பிற்றல் என்னும் நிறுவனம், 2012 யூலை இறுதியில், தன் சேவையகங்கள் எட்டிற் புதிய மென்பொருளை இட முற்பட்டது. ஏழில் இடப்பட்டது, ஒன்றில் விடுபட்டது. இரண்டாமவர் ஒருவர் அதனைச் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தல் வேண்டும் என்னும் எழுத்து விதியும் அங்கு இருக்கவில்லை. விடுபட்ட சேவையகத்தில், 2003 இல் வழக்கொழிந்த பழைய நிரற்பகுதியொன்று அழிக்கப்படாது கிடந்தது. ஓகஸ்ட் 1 ஆந் திகதி சந்தை திறந்ததும், புதிய மென்பொருளுக்கென அனுப்பப்பட்ட குறியே அப்பழம் பகுதியை எழுப்பிற்று. வேண்டிய பங்குகள் கிடைத்துவிட்டன என அறிந்து நிறுத்தும் உறுப்பு 2005 இல் இடம் மாற்றப்பட்டிருந்தமையால், அது ஓயாது ஆணைகளை அனுப்பியது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் 460 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட நட்டம் விளைந்தது.

இதனினும் கருதத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. பிழை எச்சேவையகத்தில் உள்ளது என்பதை அறியாத ஊழியர், செவ்வனே இயங்கிய ஏழிலிருந்தும் புதிய மென்பொருளை அகற்றினர். ஒன்றில் இருந்த கேடு எட்டுக்கும் பரவிற்று. சந்தை திறக்குமுன்பே 97 மின்னஞ்சல்கள் பிழையைச் சுட்டியிருந்தன. எனினும், அவை எச்சரிக்கையாக வகுக்கப்படாமையால் எவரும் அவற்றின்மேற் செயற்படவில்லை. நிலையைக் காணாமை முதற்குற்றம்; காணாத நிலையை ஊகித்துப் பரிகாரஞ் செய்தமை அதனினும் பெருங்குற்றம்.

இவ்விரண்டாங் குற்றமே முகவர்கள்பால் அஞ்சத்தக்கது. முகவர் என்பது வினாவுக்கு விடை கூறுவதோடமையாது, கருவிகளை அழைத்துத் தானே தொழிற்படும் மென்பொருள். 2024 நவெம்பரில் அந்திரோபிக் நிறுவனம் வெளியிட்ட மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டோக்கோல் என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், விளக்கத்தையும், ஏற்கும் உள்ளீட்டின் வடிவத்தையும் முகவருக்கு அறிவிக்கின்றது. புதிதாகச் சேர்ந்த ஊழியன் ஐயமுற்றால் அயலிலிருப்பவரை வினாவுவான். முகவரோ பெரும்பாலும் எழுதப்பட்டதையே கொண்டு துணியும். நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றை நூன்முகத்தே உரைத்தல் வேண்டும் என நன்னூலார் பாயிரத்துக்கு விதித்தார். கருவியின் விளக்கவுரையும் அதற்குப் பாயிரமே.

அவ்வுரை கூறவேண்டியவற்றைக் குபெர்நெற்றிஸ் என்னும் அமைப்பைக்கொண்டு விளக்கலாம். கூகிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட இவ்வமைப்பில், நிறுவுகையின் நிலையைத் தொடர்ந்து நோக்கும் கட்டளை உண்டு. அது முதலில், அண்மையிற் கொடுத்த ஆணையை அமைப்பு ஏற்றுக்கொண்டதா எனப் பார்க்கின்றது. இன்றேல், முன்னைய நிறுவுகையின் வெற்றி புதியதன் வெற்றியாகத் தோன்றும். வேறு காலம் குறியாதவிடத்து, 600 செக்கன் வரை முன்னேற்றம் இல்லையாயின், நிறுவுகை தடைப்பட்டதென அமைப்பு அறிவிக்கும். அறிவிப்பதன்றிப் பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்பாது. உரை இதனைக் கூறாவிடின், பழையது மீண்டுவிட்டதென முகவர் கருதலாம். இன்னும், ஆயத்தநிலையைச் சோதிக்கும் முறை வகுக்கப்படாதவிடத்து, இயங்கத் தொடங்கியதே ஆயத்தமானதாகக் கொள்ளப்படும். எனவே, முற்றுப்பெற்றது என்னும் சொல் மென்பொருள் செம்மையாகப் பணிபுரிகின்றது என்பதற்குச் சான்றாகாது. இவ்வெல்லையையும் உரை வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

நிலைகள் ஒவ்வொன்றுக்கும் பொருளோடு செயலையும் குறித்தல் நன்று. நடைபெறுகின்றது எனின், காத்திருந்து மீண்டும் நோக்குக. இரண்டாவது நிறுவுகையைத் தொடங்கற்க. தோல்வி எனின், காரணத்தோடு பொறுப்பாளருக்கு அறிவிக்க. எட்டில் ஏழு முடிந்ததெனின், முடியாத ஒன்று எது என்பதைப் பெயரிட்டுக் கூறுக. கருவிக்கு விடையே கிடைக்கவில்லையெனின், அறியப்படவில்லை என்றே சொல்லுக. தொடர்பு அறுந்தமை வெற்றியுமன்று, தோல்வியுமன்று. ஐயத்தை ஐயமென்று உரைப்பது அறிவின்பாற்படும். அதனைத் துணிவாக உரைப்பது திரிபு.

இத்தகைய உரையை எழுதுவதற்குக் கணினிப் பயிற்சி மாத்திரம் போதாது. தொடங்கிற்று, முடிந்தது, பயன்றந்தது என்னும் மூன்று சொற்களின் வேறுபாட்டை உணர்ந்து, உரியதை உரியவிடத்தில் வைக்கும் மொழிப்பயிற்சியும் வேண்டும். இத்துறையிற் புகும் மாணவர் சொல்லாட்சியைச் சிறு பொருளெனக் கருதலாகாது. அவர் எழுதும் உரையை நம்பியே ஓர் இயந்திரம் செயற்படும். அச்செயலின் ஊதியமும் நட்டமும் மனிதரையே சாரும்.