மாநிலத்தையே வழக்குக்கு இழுத்த துணி வியாபாரி

தோட்டத்துக் கடையில் அரிசி பருப்பைக் கடனுக்கு வாங்கினால், சம்பள நாளன்று பற்றுப் புத்தகம் பேசும். பாக்கி வைத்தவர் கொடுக்க மறுத்தால் கடைக்காரர் வழக்குப் போடலாம். இது நாமெல்லாரும் அறிந்த நியாயம். ஆனால், பாக்கி வைத்தவர் ஒரு மாநில அரசாங்கமாகவே இருந்துவிட்டால்? சட்டம் இயற்றுவதும் அரசாங்கம், போலீசும் அரசாங்கம். அதன்மேல் யாரிடம் போய் முறையிடுவது என்று நம்மில் பலர் மலைத்துப் போவோம்.

ஏறக்குறைய 230 ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியின் குடும்பத்தார் மலைத்துப் போகவில்லை. அவர்கள் போட்ட வழக்கு அமெரிக்க நாட்டின் அரசியலமைப்பையே மாற்றும்படி செய்துவிட்டது. அந்தக் கதையை அறிந்துகொண்டால், நம் ஷா ஆலம் நீதிமன்றத்தில் 2002ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பின் அருமையும் நன்கு விளங்கும்.

துணி போயிற்று, பணம் வரவில்லை

ராபர்ட் ஃபார்குவர் என்பவர் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து வியாபாரி. சார்ல்ஸ்டன் நகரில் வாணிபம் செய்து வந்தார். அப்போது அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தனர். 1777ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான ஜார்ஜியாவின் முகவர்கள் இருவர், தங்கள் படைவீரர்களுக்காக அவரிடம் துணிமணிகளும் பிற பொருள்களும் வாங்கினார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை.

ஃபார்குவர் கேட்டுப் பார்த்தார். “முகவர்களிடம் நாங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டோம். அவர்களிடம் வாங்கிக்கொள்ளும்” என்பதே ஜார்ஜியாவின் பதில். நடுவில் நின்றவர்கள் பணத்தை விழுங்கிவிட, சரக்கைக் கொடுத்தவர் வெறுங்கையோடு நின்றார். 1784இல் அவர் இறந்தும் போனார்.

அவருடைய சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு அலெக்சாண்டர் சிஷம் என்பவரிடம் வந்தது. ஃபார்குவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவளுக்குச் சேர வேண்டிய பணத்தை விட்டுவிட சிஷம் சம்மதிக்கவில்லை. கீழ்நிலையிலிருந்த கூட்டரசு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அவர் சோர்ந்துவிடாமல் 1792இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்.

நீதிமன்றம் அழைத்தது, மாநிலம் வரவில்லை

“நாங்கள் ஒரு மாநிலம். எங்கள் சம்மதமின்றி எங்கள்மீது யாரும் வழக்குத் தொடர முடியாது” என்று சொல்லி, ஜார்ஜியா நீதிமன்றத்துக்கு வரவே மறுத்தது. மன்னர்மேல் குடிமகன் வழக்குப் போட முடியாது என்ற இங்கிலாந்தின் பழைய வழக்கத்தில் முளைத்த வாதம் இது.

1793 பிப்ரவரி 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் வியாபாரியின் பக்கம் நின்றார்கள். தலைமை நீதிபதி ஜான் ஜேயும் அவர்களில் ஒருவர். அமெரிக்காவில் மன்னர் இல்லை, அதிகாரம் மக்களுடையது, ஆகவே மாநிலமும் வழக்கில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் கருத்தின் சாரம். ஜேம்ஸ் ஐரடெல் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

ஜார்ஜியா கொதித்து எழுந்தது. இந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வருகிறவனைத் தூக்கிலிட வேண்டும் என்றொரு மசோதாவை அதன் சட்டமன்றக் கீழவை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை என்றாலும், கோபத்தின் அளவை அது காட்டுகிறது. மற்ற மாநிலங்களும் கலங்கின. அவற்றுக்கும் போர்க்காலக் கடன்கள் இருந்தன அல்லவா? எல்லாம் சேர்ந்து அரசியலமைப்பைத் திருத்தின. 1795இல் உறுதியான அந்தப் பதினோராவது திருத்தம், ஒரு மாநிலத்தின்மீது வேறு மாநிலத்தார் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் வழியை அடைத்துவிட்டது.

தீர்ப்பில் வென்ற குடும்பம் பணத்துக்காக அலைந்தது. ஃபார்குவரின் மருமகன் ஜார்ஜியாவிடம் பல பத்தாண்டுகள் நடையாய் நடந்தார். 1847இல்தான் அந்தக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. துணி கொடுத்து 70 ஆண்டுகள் ஆகியிருந்தன!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் மாநிலங்கள் உண்டு, கூட்டரசும் உண்டு. நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் ஷா ஆலத்தில் இருக்கும் உயர் நீதிமன்றம் சிலாங்கூர் அரசாங்கத்துக்குச் சொந்தமானதன்று. அது கூட்டரசு அரசியலமைப்பின்கீழ் இயங்குவது. எனவே மாநிலத்தையும் அது விசாரிக்க முடியும்.

1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்குச் சட்டம், ஒப்பந்தத்தை மீறினாலோ அலுவலர்கள் தீங்கு செய்தாலோ, கூட்டரசின்மீதும் மாநில அரசின்மீதும் வழக்குத் தொடர வழி செய்கிறது. வெற்றி பெற்றாலும் அரசாங்கத்தின் மேசை நாற்காலியை ஜப்தி செய்ய முடியாது. அப்படியானால் தீர்ப்பு வெறும் காகிதம்தானா? சபா மாநில அரசிடமிருந்து தீர்ப்புத் தொகை வராமல் திண்டாடிய பெட்ரோஜாசா என்ற நிறுவனத்தின் வழக்கில், 2008இல் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. பணத்தைக் கொடுக்குமாறு மாநில நிதியமைச்சருக்கே நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றது. ஃபார்குவர் குடும்பத்துக்குக் கிட்டாத வழி இது.

டிங்கிலில் நடந்தது

வியாபாரியிடமாவது பணமும் படிப்பும் இருக்கும். ஏழைக்கு இந்த வழி திறக்குமா? அதற்கு விடை தந்தவர்கள் டிங்கில் பக்கத்துப் புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் பூர்வகுடி மக்கள். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995இல் அவர்களுடைய நிலத்தில் சுமார் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. காலி செய்ய 14 நாள் அவகாசம் கொடுத்தார்கள். வீட்டுக்கும் பயிருக்கும் ஈடு கிடைத்தது. நிலத்துக்கு ஒன்றுமில்லை. பட்டா இல்லாத நிலம், அது அரசாங்கத்துடையது என்பதே காரணம்.

சாகோங் பின் தாசியும் இன்னும் அறுவரும் தங்கள் மக்களுக்காகச் சிலாங்கூர் அரசு, கூட்டரசு, நெடுஞ்சாலை வாரியம், கட்டுமான நிறுவனம் ஆகிய நால்வர்மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2002 ஏப்ரலில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், பரம்பரையாக வாழ்ந்து வந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். சிலாங்கூர் அரசு பின்னர் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2010இல் 65 லட்சம் வெள்ளிக்குச் சமரசம் ஏற்பட்டது. காலி செய்யச் சொல்லி 14 நாள், ஈடு கிடைக்க ஏறத்தாழ 14 ஆண்டுகள்!

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

பூர்வகுடியின் நில உரிமையும் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவரின் நிலையும் ஒன்றல்ல. லயத்து வீடு வேலையோடு வந்தது. ஆகவே அதே தீர்ப்பு நமக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆயினும் இரண்டு பாடங்கள் எல்லாருக்கும் பொதுவானவை.

முதலாவது, காகிதத்தைக் காப்பாற்றுங்கள். சம்பளச் சீட்டு, ரசீது, அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், கூட்டத்தில் கொடுத்த வாக்குறுதியின் எழுத்து நகல், எதையும் அடுப்பெரிக்கப் போடாதீர்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் எளிதில் நிற்காது.

இரண்டாவது, நாளைக் கடத்தாதீர்கள். அரசாங்க அலுவலரின் செயலால் பாதிக்கப்பட்டவர் 36 மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. நில எடுப்பு விவகாரங்களில் கெடு இன்னும் குறுகியது. “பார்ப்போம், பார்ப்போம்” என்று இருந்தால் உரிமை கைநழுவிவிடும். கையில் பணமில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்கள் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் உள்ளன. அங்கே போய், வழக்கு நிற்குமா நிற்காதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் ஏதுமில்லை.

அரசாங்கம் பெரியதுதான். ஆனால் அதன் பெயரும் வழக்குப் பட்டியலில் பிரதிவாதி என்ற இடத்தில் எழுதப்படலாம். புக்கிட் தம்போய் மக்கள் அதை எழுத வைத்தார்கள். இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.