படைக்கலம் ஏந்தாதார் காப்பு

போர்த்தொழிலுக்குப் புறம்பானோரைப் போரினின்று காத்தல் பழந்தமிழர் அறிந்த அறமாகும். அக்காப்பு யாரால் நிகழ்ந்தது என்பது ஆராயத்தக்கது.

முதலாவது, பொருவோனே செய்யும் அறிவிப்பு. முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் ஆவும் பார்ப்பாரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வர்ப் பெறாதாரும் அரண் புகுமாறு அறிவித்தலை நெட்டிமையார் போற்றுவர் (புறம். 9). ஈண்டுக் காப்பு, பொருவோன் அருளையே சார்ந்து நிற்கின்றது. புகுதற்கு அரண் இல்லாதார் நிலை யாது? பகைவர் ஊர்கள் எரியுண்டதைப் பாடும் பாட்டுகளும் அந்நூலில் உள.

இரண்டாவது, இடைநின்றார் காப்பு. திருவண்ணாமலைக்கு அணித்தாய திருக்கோவலூர், மலையமான் நாட்டது. அம்மலையமான் மக்களைக் கிள்ளிவளவன் யானைக்கு இடப் புக்கபோது கோவூர்கிழார் பாடி உய்யக்கொண்டார் என்பது பழங்குறிப்பு (புறம். 46). முற்றுகையுண்ட ஆவூரில் பாலின்றி அழும் குழவிகளையும் பூவற்ற கூந்தல் மகளிரையும் சுட்டி, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியை இடித்துரைத்தவரும் அவரே (புறம். 44).

இந்நாளில் அவ்விடத்து நிற்பது ஐக்கிய நாடுகள் அமைதிப்படை. 1995-இல் சிரெபிரெனிகாவில் அப்படை இருந்தும் மக்கள் கொல்லப்பட்டனர். உடனடி ஊறு நேருமிடத்துக் குடிமக்களைக் காக்கும் வெளிப்படையான ஆணை, 1999-இல் சியரா லியோனிலேயே முதன்முதல் வழங்கப்பட்டது. 2000-இல் பாதுகாப்பு அவையின் 1325-ஆம் தீர்மானம் பெண்டிரை அமைதி அமைப்போராகவும் கொண்டது. 2007-இல் இந்தியா முற்றிலும் மகளிரான காவலணியை லைபீரியாவுக்கு விடுத்தது. நெட்டிமையார் பாட்டில் காக்கப்படுவார் வரிசையில் நின்ற பெண்டிர், ஆண்டுக் காப்போராயினர்.

கோவூர்கிழார்க்குச் சொல்லே படை. கேட்கும் வேந்தன் இருந்தமையின் அது வென்றது. கேளாதார்முன் இடைநிற்பார்க்கு ஆணையும் ஆற்றலும் உடன்வேண்டும் என்பது இவற்றாற் போதரும்.