மணம் வலியைக் குறைக்குமா? தைலப் புட்டி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் வீடுகளில் சாமி மேடைக்கு அருகிலோ தலையணைக்கு அடியிலோ ஒரு தைலப் புட்டி கட்டாயம் இருக்கும். தலைவலி என்றால் நெற்றியில், இடுப்பு வலி என்றால் முதுகில், குழந்தைக்குச் சளி என்றால் நெஞ்சில் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் மருந்து. 1928ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய கோடாலித் தைலமும், காயு பூத்தே எண்ணெயும் தோட்ட லயங்களிலும் நகர்ப்புற அடுக்குமாடிகளிலும் இன்றுவரை பழகிய பொருள்கள்.

இப்போது இதே வழக்கம் 'அரோமாதெராப்பி' என்ற பெயரில், லாவெண்டர், பெப்பர்மின்ட் புட்டிகளாகப் பேரங்காடிகளிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படுகிறது. மன அழுத்தம் போகும், வலி பறக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இதில் எது உண்மை, எங்கே கவனம் தேவை என்பதைப் பார்ப்போம்.

பெயர் வந்த விதம்

நறுமணச் சிகிச்சை என்ற பொருள் தரும் இச்சொல்லைப் பரப்பியவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே. 1910இல் ஆய்வுக்கூடத்தில் ஏற்பட்ட வெடிப்பில் கைகளில் தீக்காயம் பட்டபோது, அவர் லாவெண்டர் எண்ணெயைப் பயன்படுத்தினார். 1937இல் இதைப் பற்றி ஒரு நூலையும் வெளியிட்டார்.

இலை, பூ, பட்டை, தோல் ஆகியவற்றில் உள்ள மணச் சத்தை, பெரும்பாலும் நீராவியால் பிரித்தெடுப்பதே நறுமண எண்ணெய். அது மிகவும் அடர்த்தியானது. சில சொட்டுகளுக்கே ஒரு கைப்பிடி இலையைவிடப் பன்மடங்கு வீரியம் உண்டு.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவில் உள்ள ஒரு நிலையத்தைக் கடந்த பிறகே மற்றப் பகுதிகளுக்குப் போகின்றன. மணம் அப்படியல்ல. மூக்கின் மேற்பகுதியில் உள்ள நரம்புகள், அச்சத்தையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளோடு நேரடியாகத் தொடர்பு கொண்டவை. அதனால்தான் மல்லிகை மணமோ சாம்பிராணி மணமோ வந்ததும் பாட்டி வீடு சட்டென்று நினைவுக்கு வருகிறது. பிடித்த மணம் மனத்தை இளக்கும்போது மூச்சு சீராகிறது, இறுகிய தசைகளும் தளர்கின்றன. பயமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பதால், மனம் அமைதியானால் வலியும் சற்றுக் குறைந்ததுபோல் இருக்கும்.

தோலில் பூசும்போது வேறொன்று நடக்கிறது. தைலத்தில் உள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. ஆனால் அந்த உணர்வும், கையால் தேய்க்கும் உணர்வும், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் குறுக்கிடுகின்றன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்கே 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுகள் சொல்வது

ஜெர்மனியில் 1996இல் வெளியான ஆய்வு ஒன்றில், தசை இறுக்கத் தலைவலி உள்ள 41 பேர் 10 விழுக்காடு பெப்பர்மின்ட் எண்ணெய்க் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் பூசினர். அது 1,000 மில்லிகிராம் பாரசிட்டமால் அளவுக்கே வலியைக் குறைத்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் ஏற்படும் பதற்றத்தை லாவெண்டர் மணம் தணிக்கிறது என்று கண்ட ஆய்வுகளும் உண்டு.

ஆனால் எல்லா முடிவுகளும் இப்படி இல்லை. பிரசவ வலிக்கு நறுமணச் சிகிச்சை உதவுமா என்று ஆராய்ந்த 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், வலியில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இத்துறையில் ஒரு நிரந்தரச் சிக்கலும் உண்டு. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். மணத்தை யாரிடமும் மறைக்க முடியாது.

ஆகவே நறுமணம் சிகிச்சைக்குத் துணையாக இருக்கும். மூட்டுத் தேய்மானத்தையோ நரம்பு அழுத்தத்தையோ அது சரிசெய்யாது.

குழந்தை உள்ள வீடுகளுக்கு

மிக முக்கியமான எச்சரிக்கை இதுதான். கற்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலும், சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். யூகலிப்டஸ் தைலமும் அப்படியே ஆபத்தானது. 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கற்பூரம், மென்தால் கலந்த தைலங்களை மூக்கருகிலோ நெஞ்சிலோ பூசக் கூடாது.

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி குறைபாடு சோதிக்கப்படுகிறது. அக்குறைபாடு உள்ள குழந்தையின் அருகில் பாச்சை உருண்டை இருக்கவே கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். தைலம், கற்பூரம் ஆகியவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

பெரியவர்களுக்கு

பல தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. தூய வடிவில் ஒரு தேக்கரண்டியில் 20 ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான மருந்து இருக்கும். ஆகவே "வயிற்று வலிக்கு இரண்டு சொட்டு வெந்நீரில்" என்ற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், இத்தைலங்களை அடிக்கடி பூசினால் இரத்தக் கசிவு அபாயம் கூடும்.

நீரிழிவு நோயாளிகள் தைலம் தேய்த்து அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் தோல் வெந்தாலும் தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் மணமே மூச்சிறைப்பைத் தூண்டலாம்.

பாதுகாப்பாகப் பயன்படுத்த

* நறுமண எண்ணெயை நேரடியாகத் தோலில் பூச வேண்டாம். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டு போதும்.
* முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.
* கண், வாய், புண் உள்ள இடங்களில் படக்கூடாது.
* கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.
* மலேசியாவில் மருந்தாக விற்கப்படும் தைலத்தின் அட்டையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்க வேண்டும். இரவுச் சந்தையில் பெயரில்லாத புட்டியை வாங்க வேண்டாம்.
* புட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

யாராவது தைலத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது தைலம் போதாது?

நெஞ்சு வலி வந்தால் "காற்றுப் பிடித்துவிட்டது" என்று தைலம் தேய்த்துப் படுப்பது நம்மிடையே உள்ள பழக்கம். அது மாரடைப்பாக இருந்தால் பொன்னான நேரம் வீணாகிறது. நெஞ்சு அழுத்தம் கை, தாடைக்குப் பரவுதல், திடீரென்று வரும் கடுமையான தலைவலி, ஒரு பக்கம் கைகால் வலுவிழத்தல், இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தைலத்தைத் தேடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாள் முழுவதும் வெட்டு மரத்தடியிலோ தொழிற்சாலையிலோ நின்று உழைத்தவரின் தோளை வீட்டில் ஒருவர் தைலம் தொட்டு நீவிவிடும்போது கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. அந்த வழக்கம் தொடரட்டும். ஆனால் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த புட்டி வாங்கும் முன் கிளினிக்குக்கு ஒருமுறை போய் வாருங்கள்.